சம்பந்தியிடம் வாங்கிய பங்கு

மலேசியாவின் புக்கிட் தெங்கா ஊரில் உள்ள அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மாடி அறையில், நண்பகல் வெயில் சன்னல் இடுக்கு வழியே வந்து விரித்து வைத்த ஆண்டுக் கணக்கின் மேல் கோடாக விழுகிறது. கீழே வெட்டு எந்திரம் அடிக்கும்போதெல்லாம் பையில் கட்டி வாங்கிய தே ஐஸ் என்ற குளிர்ந்த பால்தேநீர் நடுங்குகிறது. ஆடிட்டர் ராகினியின் பென்சில் ஒரே வரியில் நிற்கிறது. பங்குச் சந்தைக்கு வராத ஒரு காகித ஆலையின் பங்குகள். ஒவ்வொன்றும் எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட், என்று எழுதியிருக்கிறது. "யார்கிட்ட வாங்குனீங்க அண்ணே?" "சம்பந்திகிட்டதான்," என்கிறார் முதலாளி அஸ்ஹர். "விலை பேசுனீங்களா?" அவர் அவளை விநோதமாகப் பார்க்கிறார். "பொண்ணு குடுத்த எடத்துல பேரம் பேசுவாங்களா லா?" "அப்ப எட்டு வெள்ளி மரியாதைக்குக் குடுத்தது. முன்னப்பின்ன தெரியாத ஆளு இன்னிக்கு என்ன குடுப்பாரோ, அதத்தான் கணக்குல எழுதணும்." அந்த ஆலையின் வருமானத்தையும் அதுபோன்ற ஆலைகள் விலைபோனதையும் வைத்துத் தான் விலை கணக்கிட்ட தாளை அவர் பக்கம் திருப்புகிறாள். ஒரு பங்குக்கு ஐந்தே கால் வெள்ளி. இந்த வருட லாபத்தில் பாதி அந்தக் குறைவிலேயே போய்விடும். அஸ்ஹர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்க்கிறார். ராகினி நிதானமாகத் தே ஐஸை உறிஞ்சுகிறாள். "அஞ்சே காலுக்கு நீ வாங்குவியா தங்கச்சி?" "இப்பவே வாங்குவேன் அண்ணே. ஆடிட்டர் வாங்கக்கூடாது, அதான்." வெயில் கோடு அவர் விரல்மேல் ஏறியிருக்கிறது. அவர் பேனாவைத் திறந்து எட்டை அடித்துவிட்டு ஐந்தே கால் என்று எழுதுகிறார். "என் சம்பந்திகிட்ட மட்டும் சொல்லிடாத லா."