உள்ளூர் வண்டி

"நோட்ட மூடு. என் பேர எதுக்கு எழுதற?"

நடேசன் வேனை நிறுத்திக் கத்தினார். சாலையோர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கல்பனா நிமிர்ந்தாள்.

"சும்மாதான் மாமா. அத்தைக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரியா?"

"அதையும் எழுதிக்க. டோல் போடறப்ப சேத்து வாங்கிக்கலாம்."

பக்கத்தில் இருந்த பவுனம்மாள் அவர் கையைத் தட்டினாள். "வுடுங்க. நம்ம அரிகிருஷ்ணன் பொண்ணு."

"அதான் சொல்றேன். நம்ம தெருவுல பொறந்துட்டு நம்மளயே காட்டிக்குடுக்குது."

புதுச்சேரிக் கிராமமான கரியமாணிக்கத்தில் கிளம்பினால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தமிழ்நாடு ஒருமுறை வந்து போய்விடும். அந்த எல்லையில் டோல்கேட் வரப்போவதாகப் பேச்சு. எத்தனை வண்டி போகிறது, அதில் உள்ளூர் எத்தனை என்று எண்ண ஒரு கம்பெனி ஆட்களை வைத்திருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கல்பனா மட்டும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

நடேசன் காய்கறி லோடை வில்லியனூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வாரம் மூன்று நாள் பவுனம்மாளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார்.

"டோல் வந்தா வாரம் ரெண்டு தடவையோட நிறுத்திக்கலாங்க" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் ஆவாது."

நடேசன் கியரை மாற்றினார்.

சாயங்காலம் திரும்பும்போது கல்பனா பஸ் ஸ்டாப்பில் நின்று கை காட்டினாள். வேன் வேகமெடுத்தது.

"பஸ் ஏழரைக்குத்தான்" என்றாள் பவுனம்மாள்.

"வண்டிய எண்ணிக்கினே நடந்து வரட்டும்."

மறுநாள் டீக்கடையில் பால் வண்டி ஆண்டனியும் குமுறினான்.

"அந்தப் பொண்ணு என்னையும் கேக்குதுண்ணா. பால் எங்க ஊத்தற, ஒரு நாளைக்கு எத்தினி நடைன்னு. போலீஸு கெட்டுது."

"நீ இன்னா சொன்ன?"

"உன் கல்யாணத்துக்கும் நான்தான் பால் ஊத்துவேன், எழுதிக்கன்னேன்."

"அதுக்கு?"

"அதையும் எழுதுதுண்ணா!"

நான்காம் நாள் அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஆண்டனி அந்த இடத்தைத் தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த நடேசனும் இரண்டு முறை அடித்தார்.

அடுத்த மாதம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கம்பெனி ரிப்போர்ட்படி இந்த ரோட்டுல உள்ளூர் வண்டி நூத்துக்குப் பதினெட்டுதான். புதுச்சேரி நம்பர்னா உள்ளூர், தமிழ்நாட்டு நம்பர்னா வெளியூர்."

நடேசன் எழுந்துவிட்டார். "சார், என் வேனு விழுப்புரத்துல செகண்ட்ஸ்ல வாங்கினது. அதுக்காக நான் வெளியூரா? வரி கம்மின்னு மெட்ராஸ்காரன் இங்க வந்து நம்பர் வாங்கிக்கினு போறான் பாருங்க, அந்தக் காரு உள்ளூரா?"

"உங்க பேரு?"

"நடேசன்."

அதிகாரி மேஜை மேல் இருந்த ஒரு நீள நோட்டைப் புரட்டினார்.

"நடேசன், கரியமாணிக்கம். தமிழ்நாட்டு நம்பர். காய் லோடு. மனைவி பவுனம்மாள், டயாலிசிஸ், வாரம் மூணு தடவை."

பவுனம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"ஆண்டனி, அதே ஊர். பால், நாலு நடை." அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "கல்யாணத்துக்கும் பால்னு எழுதியிருக்கு. அது மட்டும் எனக்குப் புரியல."

யாரோ சிரித்தார்கள். ஆண்டனி தலையைக் குனிந்துகொண்டான்.

"இது ஆளைப் பார்த்து எழுதின நோட்டு. இதுல உள்ளூர் நூத்துக்கு அறுபத்தேழு. நம்பரைத்தான் எழுதணும், மூஞ்சியை இல்லைன்னு சொல்லி அந்தப் பொண்ண மூணே நாள்ல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நோட்டு எனக்குத் தபால்ல வந்துது." அவர் நோட்டை மூடினார். "மேலே அனுப்பினேன். இவ்வளவு உள்ளூர் ஜனம் போற ரோட்டுல வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. டோல்கேட் இங்க வராது."

சத்தத்தில் அடுத்து அவர் சொன்னது கேட்கவில்லை. ஆண்டனி நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"அப்ப மூணு தடவையும் போலாங்க" என்றாள் பவுனம்மாள். நடேசன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் கல்பனா நின்றிருந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. புது வேலை போலிருக்கிறது. வேனைப் பார்த்தாள். கை காட்டவில்லை.

வேன் அவள் எதிரே போய் நின்றது.

பவுனம்மாள் சீட்டில் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடேசன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.