பாங்கொக்குக்கு ஒரு தூள் பார்சல்

“ஐயோ, கீழ்வீட்டு அக்னெஸ் அன்ரி! கதவைத் திறக்காதேங்கோ!” சூட்கேசை அமத்தி மூடியபடியே அஜந்தா கிசுகிசுத்தாள்.

அவள் கணவன் ரதீசன் அதற்குள் திறந்துவிட்டான். மனுசனுக்கு எப்பவும் அவசரம்தான்.

அக்னெஸ் ஒரு பெரிய பார்சலை அணைத்துப் பிடித்தபடி நின்றா.

“நாளைக்குத் தாய்லாந்துக்குச் சுற்றுலா வெளிக்கிடுறீங்களாம். என்ர மகன் அனுஜனுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள். பாங்கொக்கில அவன்ர அறையில குடுத்துவிடு பிள்ளை.”

“கொஞ்சமா அன்ரி? நாலு கிலோ வருமே!”

“அங்க தனிய இருந்து வேலை செய்யுது பிள்ளை. வாய்க்கு ருசியா என்னத்தைத் தின்னுதோ!”

மொன்றியலில் ஒரு தமிழர் விமான டிக்கெட் எடுத்தால் போதும், ஊருக்கே அவர்தான் தபால்காரர்.

அக்னெஸ் படியிறங்கியதும் அஜந்தா தன் புதுச் சட்டைகள் இரண்டை வெளியே இழுத்துப் போட்டாள்.

“திரும்பி வந்து இந்த மனுசிக்கு நல்லாக் குடுக்கிறன் பாருங்கோ!”

பாங்கொக் வாகன நெரிசலில், சுட்டெரிக்கிற வெயிலில், அரைநாள் விடுமுறை அந்தப் பார்சலோடேயே போயிற்று. ஒருவழியாக அனுஜனின் அறையைக் கண்டுபிடித்தால், அலுமாரிக்கு மேலே வரிசையாகத் தூள் பார்சல்கள்! இதற்கு முன் யார் யாரோ சுமந்து வந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அனுஜன் தலையைச் சொறிந்தான்.

“அறையில அடுப்பே இல்லை அக்கா. இஞ்ச கனபேர் அப்பிடித்தான். மூண்டு நேரமும் கீழ ரோட்டுக்கடையிலதான் சாப்பாடு. அம்மாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம்.”

அஜந்தாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மொன்றியலுக்குத் திரும்பிய அன்றே, சுடச்சுட ரோல்ஸோடு அக்னெஸ் ஆஜர்.

“பிள்ளையைக் கண்டனீங்களோ? மெலிஞ்சு போனானோ? அறை துப்புரவா இருந்ததோ? தலைமயிர் வெட்டியிருந்தானோ?”

மூச்சுவிடாமல் கேட்டா. அந்த முகத்தைப் பார்த்ததும், ஏசுவதற்குச் சேர்த்து வைத்த சொல்லையெல்லாம் அஜந்தா அப்படியே விட்டுவிட்டாள்.

“நல்லா இருக்கிறான் அன்ரி. கன்னம் கூட வைச்சிருக்கு. அறையும் பளிச்செண்டு இருக்கு. சாப்பாட்டுக் கடைக்கார அம்மா அவனைக் கண்டால் ஒரே பகிடியும் சிரிப்பும்தான்.”

“மெய்யாவோ!” அக்னெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

அஜந்தாவுக்கு மனம் இளகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சேர்த்து விட்டாள்.

“உங்கட தூளைக் கண்டதும் துள்ளிக் குதிச்சான். அண்டைக்கே கோழிக்கறி வைச்சுத் தந்தவன்!”

அக்னெஸ் விழுந்து விழுந்து சிரித்தா.

“பொய் சொல்லாதை பிள்ளை! அவன்ர அறையில அடுப்பில்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே நாலு கிலோ தந்தனீங்கள்?” ரதீசன் வாய் பிளந்தான்.

“ஃபோனில முகத்தை மட்டும்தானே தம்பி காட்டுறான். ‘ஒருக்காப் போய் என்ர பிள்ளையைப் பாத்துக்கொண்டு வாங்கோ’ எண்டு சும்மா கேட்டால் ஆர் போவினம்? பார்சல் எண்டால் போகத்தானே வேணும்!”