ஒன்பது விநாடி

“இடது எஞ்சின் நின்னுபோச்சு தாயி. பதட்டத்துல கேப்டன் எதைத் தொடுறாரு, பாரு.”

ஜெகபர் அலி கேப்டனாக இடது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலதில் மகள் முஹ்சினா. நடுவே ஸ்டூலில் இரண்டு கரண்டிகள், இரண்டு எஞ்சின்களின் லிவர்களாக. பேகம்பூர்ப் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் வாசலைக் கடந்து போனார்கள்.

மறுநாள் அவளுக்குத் துணை விமானித் தேர்வு. விதி எளிது. நின்ற எஞ்சினை முழுதாக அணைக்க, கேப்டன் அதன் லிவரைத் தொடுவார். துணை விமானி பார்த்துச் சரி என்றால்தான் இழுப்பார். தப்பாகத் தொட்டால் தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் ஓடுகிற எஞ்சினும் நின்றுவிடும்.

அவர் வலது கரண்டியைத் தொட்டார்.

“சரி, சார்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு மாதமாக இப்படித்தான். அத்தாவிடம் இல்லை என்று அவள் சொன்னதே கிடையாது.

“செத்துட்டோம்,” என்றார். “திரும்ப.”

வேறு இடம், வேறு கோளாறு வைத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். அவர் கரண்டிகளைப் பழையபடி நேராக்கினார். அவர் தோல் வியாபாரி. விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் உயரம் சொன்னார், வேகம் சொன்னார். கீழே வத்தலக்குண்டு, வலப்பக்கம் மலைமேல் மேகம் என்றார். கேப்டனாகப் பேசும்போது ஓரிடத்தில் இருமினார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

“ஒன்பது விநாடிதான் இருக்கு உனக்கு.”

தேர்வில் அவ்வளவு கறார் இல்லை என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மறுபடி இடது எஞ்சின் நின்றது. அவர் இருமினார். கை வலது கரண்டிக்குப் போனது.

முஹ்சினா அந்தக் கையைப் பிடித்தாள்.

“இல்ல சார். அது ஓடுற எஞ்சின். கையை எடுங்க.”

அவர் கையை எடுத்தார். பிறகு இடது கரண்டியை மெல்ல இழுத்தார். ஒற்றை எஞ்சினில் மதுரை வரை போய், சக்கரம் தரையைத் தொடும்வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார்.

“பொழச்சுட்டடா, ஹாமிது.”

வத்தலக்குண்டுக்கு மேலே, துணை விமானியின் இருக்கையில், அவள் அண்ணன் ஹாமித் கடைசியாக ‘சரி, சார்’ என்று சொல்லி, அது கறுப்புப் பெட்டியில் பதிவாகிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.