நவமணி பேசிய விலை

"நூத்திப் பத்து வெள்ளியா? தங்கச்சி, நீ காப்புறுதி விக்க வந்தியா, ஆஸ்பத்திரியையே விக்க வந்தியா?"

நவமணி கேட்டதற்கு ரொஸ்னா சிரித்தாள். காப்புறுதி ஏஜென்ட் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எதற்கும் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று, மாதம் முப்பத்தைந்து வெள்ளி கட்டும் திட்டம். இன்னொன்று, நூற்றுப் பத்து.

"முப்பத்தஞ்சுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டான் நவமணியின் கணவன் சின்னையா. தினமும் கடல் பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் ஜுருவுக்குப் போய், தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்ப்பவன்.

"வார்டுல படுத்தா ஒரு நாளைக்கு முப்பது வெள்ளி அண்ணே. அவ்வளவுதான். பெரிய ஆபரேஷன், புற்றுநோய் ஒண்ணும் அதுல வராது. நூத்திப் பத்துல எல்லாம் வரும்."

சின்னையா மனைவியைப் பார்த்தான். நவமணி தாளைப் பார்த்தாள். அவளுடைய அம்மா போனது புற்றுநோயில். புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அக்கா போன வருஷம் போனதும் அதே நோயில்தான்.

"என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க? எனக்கு ஒண்ணும் வராது. ஆளுக்கு ஒரு முப்பத்தஞ்சு போடுவோம். முடிஞ்சுது லா."

"உனக்குப் பெரிசு போடலாம். எனக்கு வேணாம்."

"நம்ம கையில மாசம் மிஞ்சுறதே நூத்திப் பத்து. அத்தனையும் எனக்குக் கட்டிட்டு, ஸ்டோர்ல உங்க தலையில சாமான் விழுந்தா என்ன பண்ணுவீங்க? பிளாஸ்டர் ஒட்டிக்குவீங்களா? உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேணாம். இந்தப் பேச்சை இதோட விடுங்க."

அந்த வாரத்தில் அவன் அதே பேச்சை எடுத்தது இது நாலாவது தடவை. நாலு தடவையும் அதே பதில்தான்.

"சரி, ரெண்டு சின்னதாவே எழுது தங்கச்சி," என்றான் சின்னையா. பேனாவைக் கையில் எடுத்தவன், சும்மா கேட்பதுபோல் கேட்டான். "ஆனாலும் நூத்திப் பத்து ரொம்ப அதிகம் லா. கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?"

ரொஸ்னா தயங்கினாள். "வேணும்னா என் கமிஷன்ல ஒரு பத்து விட்டுக்குடுக்கிறேன் அண்ணே. நூறு."

நவமணியின் முதுகு நிமிர்ந்தது. அவள் சௌரஸ்தா சந்தைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பஸ் டிக்கெட்டைத் தவிர மற்ற எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவள் இல்லை. ஒரு விலை ஓர் அங்குலம் அசைந்துவிட்டால், அதை வீட்டு வாசல்வரை இழுத்து வராமல் விடமாட்டாள்.

"பத்து குறைக்கிறவளுக்கு அம்பது குறைக்கத் தெரியாதா? அறுபது."

"அக்கா, இது கைலி இல்லக்கா."

"கைலின்னா தொட்டாவது பார்ப்பேன். இதுல தொட்டுப் பார்க்க என்ன இருக்கு? எனக்கு நோயே வரலைன்னா உன் கம்பெனிக்கு முழு லாபம். அதுக்கு நான்தான் கூலி கேக்கணும். அறுபத்தஞ்சு."

"தொண்ணூறு."

"என் மூஞ்சியைப் பாரு. ஆஸ்பத்திரிக்குப் போற மூஞ்சியா இது?"

"எண்பத்தஞ்சுக்கா. அதுக்குக் கீழே போனா நான் வீட்டுக்கு நடந்துதான் போகணும்."

நவமணி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மாதம் மிஞ்சும் நூற்றுப் பத்தில், கணவனுக்கு முப்பத்தைந்து போக மிச்சம் எழுபத்தைந்து.

"எழுபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

சின்னையா நடுவில் புகுந்தான். "பாவம், விடேன். சின்னப் பொண்ணு."

"நீங்க சும்மா இருங்க. வியாபாரம் நடக்குது."

ரொஸ்னா தாள்களைப் பையில் போட்டாள். எழுந்தாள். வாசலில் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். நவமணி கூப்பிடவில்லை.

"லிப்ட் ரிப்பேர் தங்கச்சி. எட்டு மாடி, பார்த்து இறங்கு," என்று மட்டும் கரிசனமாகச் சொன்னாள்.

ரொஸ்னா படிக்கட்டைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். "சரிக்கா, எழுபத்தஞ்சு. வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள் நவமணி. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

முதலில் கணவனின் சின்னத் திட்டத்தில் அவனைக் கையெழுத்துப் போடவைத்தாள். பிறகு பெரிய திட்டத்தில் தன் கையெழுத்து. முதல் மாதத்துக்கான நூற்றுப் பத்து வெள்ளியை ரொஸ்னாவின் கையில் எண்ணி வைத்தாள்.

"உங்களை விட்டிருந்தா நூறுக்கே தலையாட்டியிருப்பீங்க," என்றாள் கணவனிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை, அக்கா போனபிறகு சின்னையா பார்த்ததில்லை.

"உன்கிட்ட யாரு ஜெயிக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு, ரொஸ்னாவைக் கீழேவரை விட்டுவரப் போனான்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் ரொஸ்னா நின்றாள்.

"கம்பெனி விலையில அஞ்சு காசுகூட இறங்காதுன்னு அக்காவுக்கு என்னைக்காவது தெரிஞ்சா, அண்ணே?"

"இறங்காத விலை ஒண்ணு உலகத்துல இருக்குன்னு சொன்னா அவ நம்பவே மாட்டா," என்ற சின்னையா, ரொஸ்னாவின் பையிலிருந்து தன் பெயர் எழுதிய தாளை உருவி, நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நேத்து பேசினபடி, அந்த நூத்திப் பத்தையும் அவ பேர்லயே கட்டிடு."