இடது காலைத் தாங்குகிறவள்

“இன்னொரு தடவை குதி.”

குருவி இடது காலில் மட்டும் நின்று குதித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எம்பிய இடத்திலேயே வந்து இறங்கி, அடுத்தது என்ன என்பது போலப் பார்த்தாள்.

அவள் காலைச் சோதித்துக்கொண்டிருந்த அணியின் பிசியோவுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

ஜன்னலுக்கு வெளியே பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. இந்த அறையிலிருந்து ‘ஓடலாம்’ என்று கையெழுத்து வந்தால் குருவி அதில் ஏறுவாள். வராவிட்டால் இந்த வருடத் தகுதிப் போட்டி அவளுக்குப் போச்சு. அவளுக்குப் பதிலாக ஓடக் காத்திருந்த பெண் ஏற்கெனவே ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியாளர் கதவில் சாய்ந்து, கழுத்து விசிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மேடம், ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க. டிரைவர் என்னைத் தின்னுடுவான்.”

“தின்னட்டும் சார். கொஞ்சம் இருங்க.”

நேற்று மாலை பயிற்சியாளர்தான் பார்த்தார். குருவி நானூறு மீட்டரை அம்பு மாதிரி ஓடி முடித்தாள். பிறகு தண்ணீர் குடிக்க நடந்து போனாள். இடது காலைத் தாங்கித் தாங்கிப் போனாள்.

அணிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஓடுகிறவர்கள் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? எல்லோருக்கும் கண் கடிகாரத்தில்.

பிசியோ கணைக்கால் எலும்பை விரலால் அழுத்தி அழுத்திக் கீழே வரை வந்தாள். பாதத்தை முறுக்கினாள். முழங்காலை மடக்கினாள். இடுப்பைச் சுழற்றினாள். காலையில் எடுத்த ஸ்கேனை விளக்கில் பிடித்து மூன்றாவது முறையாக முறைத்தாள்.

எதுவும் இல்லை.

“எங்க வலிக்குது, சொல்லு.”

“ஒண்ணுமில்லக்கா. வலிச்சா சொல்ல மாட்டேனா?”

“மாட்டே. ஒருத்தியும் சொல்ல மாட்டீங்க.”

போன வருடம் ஒருத்தி இதே கட்டிலில் உட்கார்ந்து, இதே ‘ஒண்ணுமில்லக்கா’வைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். ஓடுதளத்தின் வளைவில் அவள் எலும்பு முறிந்த சத்தம் பார்வையாளர் வரிசை வரை கேட்டது.

அதற்கும் முன்னால், பிசியோ தன் வீட்டில் கேட்ட பாட்டு அது. மூட்டை தூக்கியே முதுகு போன அப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்போதும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் எழுவார். அந்த முதுகின் மேல் ஏறித்தான் அவள் அந்த வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேனாவை எடுத்தாள்.

“சார், அந்தப் பொண்ணையே கூட்டிட்டுப் போங்க. இவ மறைக்கிறா.”

“அக்கா, சத்தியமா...” குருவியின் குரல் உடைந்தது. “கால் நல்லா இருக்கு. என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க.”

அழுகையில்லை. கோபம். அது பிசியோவுக்குத் தெரிந்த கோபம்தான். கை நின்றது.

“சரி. வராந்தா கோடி வரை நட. திரும்பி வா. கடைசித் தடவை.”

குருவி நடந்தாள். ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் இடது தோள் சற்று இறங்கி ஏறியது. பொய்யே இல்லை, தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள்.

வழியனுப்ப வந்து வாசலில் நின்றிருந்த அவள் அம்மா, உள்ளே சத்தம் கேட்டுப் பதறி, மகளின் பையைச் சுமந்துகொண்டு எதிர்ப்பக்கமிருந்து வந்தாள்.

மகள் இந்தக் கோடியிலிருந்து போனாள். அம்மா அந்தக் கோடியிலிருந்து வந்தாள்.

இரண்டு இடது தோள்களும் ஒன்றாக இறங்கின. ஒன்றாக ஏறின.

பிசியோ கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“குருவி, உங்கம்மா கால்ல என்ன?”

“அம்மாவுக்கா?” அவள் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தாள், அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிந்தது போல. “ஒண்ணுமில்லையே. அவங்க நடையே அதானே.”

பிசியோ தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா முனை சுவரில் குத்தித் தாள் கிழிந்தது.

“ஓடு. ஏறு போ.”

“அப்ப கால்?” என்றார் பயிற்சியாளர்.

“அது வேற ஒருத்தரோட கால் சார். நீங்க போங்க.”

குருவி பையைப் பிடுங்கிக்கொண்டு பேருந்தை நோக்கி ஓடினாள். தோள் இறங்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக ஓடினாள். நடையைத்தான் அம்மாவைப் பார்த்துப் பழகியிருந்தாள்; வீட்டில் யாரும் ஓடி அவள் பார்த்ததில்லை.

அம்மா கையசைத்துவிட்டுத் திரும்பினாள்.

“வரேன் டாக்டரம்மா. சலவைக்கூடத்துல தேடுவாங்க.”

“தேடட்டும். இப்படி வந்து படுங்க.”

“எனக்கென்ன? ஒண்ணுமில்ல.”

பிசியோ அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மகள் உட்கார்ந்திருந்த அதே கட்டிலில் படுக்கவைத்தாள். இடது முழங்காலை மடக்கி, மெல்ல உள்பக்கம் திருப்பினாள். பாதி கூடத் திரும்பவில்லை. அம்மாவின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. விரிப்பு மட்டும் அவள் கைப்பிடிக்குள் சுருண்டு போயிற்று.

“எப்ப விழுந்தீங்க?”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பேருந்து நின்ற இடம் காலியாக இருந்தது.

“மாடிப்படியில. அப்ப இவ வயித்துல இருந்தா.”