உயிர்ச்சேதம் இல்லை

"ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இங்க ஒரு உயிர்கூடப் போனதில்லைங்க" என்றார் கைடு.

கூட்டத்தில் நின்ற ரிட்டயர்டு இன்ஜினியருக்குச் சுருக்கென்றது.

கடல் ஏறி இறங்குவதை வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. காலையில் இரண்டு மைல் உள்வாங்கிக் கிடக்கும் தண்ணீர், மதியத்துக்குள் மூன்று மாடி உயரம் ஏறிவிடும். அதை மதகுகளில் அடைத்துத் திறந்துவிட்டால் கீழே டர்பைன்கள் சுழலும். அதைப் பார்க்கத்தான் அவரும் மனைவியும் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் மூன்றாவது மதகில் சேறு வார இறங்கிய ஒரு ஃபிட்டர், கடல் ஏறியதில் சிக்கி இறந்த செய்தி பேப்பரிலேயே வந்திருந்தது. அதைச் சொல்லிக் கேட்டார்.

கைடு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்படி எதுவும் நடக்கலைங்க."

முன்வரிசையில் ஸ்வெட்டர் போட்ட வயதான அம்மா ஒருத்தி, கீழே வேலை செய்கிறவர்களுக்குப் பயமில்லையே சார் என்று விசாரித்தாள்.

"ஒரு பயமும் இல்லைங்கம்மா. எல்லாரும் பத்திரமா இருக்காங்க."

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. வாய் கூசாமல் இப்படி ஒரு பொய்யா? மனைவி தடுத்தும் கேட்காமல், நேரே மேனேஜர் அறைக்குப் போய்விட்டார். செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று பொரிந்து தள்ளினார்.

மேனேஜர் ஒரு பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டு, அவரையும் பின்னாலேயே வந்துவிட்ட மனைவியையும் உட்காரச் சொன்னார்.

மற்ற நாட்களில் அந்த கைடே விபத்தைச் சொல்லி, ஃபிட்டரின் பெயர் பொறித்த பலகையையும் காட்டுவாராம். இன்றைக்கு மட்டும் அதைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள்.

"அந்த ஸ்வெட்டர் போட்ட அம்மா, ஃபிட்டரோட அம்மா சார். ஞாபக சக்தி போயிடுச்சு. மகன் இன்னும் கீழே வேலை பார்க்கிறான்னு நினைச்சு மாசம் ஒரு தடவை வருவாங்க. முதல்ல உண்மையைச் சொல்லிப் பார்த்தோம். தரையில விழுந்து அழுதாங்க. அடுத்த தடவை எல்லாம் மறந்துபோய் வந்து நின்னாங்க. மறுபடியும் சொன்னோம், மறுபடியும் அதே அழுகை. ஒரு பிள்ளையை எத்தனை தடவை சார் சாகக் கொடுப்பாங்க?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைடிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த அம்மா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நிலைமையில அவங்களை யாரு கூட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டார் மனைவி.

"அந்த கைடுதாம்மா. அவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. போனவர் ஞாபகத்துல இருக்கார். கூடவே இருக்கிறவரைத்தான் யாருன்னு தெரியல."