வாய் தவறிய 'ஏங்க'

வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் அவள் எடுக்கும் முதல் அழைப்பு இது. பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் அக்கா கூடவே கேட்கிறாள். இதில் தேறினால்தான் வேலை. திரைச்சீலை இடுக்கில் நுழைந்த வெயில், கீபோர்டில் இருக்கும் அவள் விரல்களின்மேல் கோடு கோடாக விழுகிறது. "கார்டு வேலை செய்யல, எத்தனை பேர்கிட்டதான் இதையே சொல்றது?" என்று மறுமுனையில் ஒரு பெரியவர் பொரிந்து தள்ளுகிறார். வாரம் முழுக்க அடுப்படியில் அவள் கணவன்தான் கோபக்கார வாடிக்கையாளராக நடித்து அவளைப் பழக்கினான். அந்தப் பழக்கம் இப்போது நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "ஏங்க, கத்தாதீங்க, பார்த்துட்டுதானே இருக்கேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. மதிப்பெண் போட வந்த அக்காவின் பேனா பாதியில் நிற்கிறது. "மன்னிச்சிடுங்க சார்" என்கிறாள், காது மடல் சுட. பெரியவரின் குரல் தணிகிறது. "இருக்கட்டும்மா. என்னை அப்படிக் கூப்பிட்டவ போய்ச் சேர்ந்து நாளாச்சு. நீ நிதானமா பாரு, நான் கத்தல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டு எண்ணைக் கேட்கிறாள். சூப்பர்வைசர் அக்கா ஹெட்செட்டில் சிக்கிய அவள் முடியை மெல்ல விடுவித்தபடி, காதருகே கிசுகிசுக்கிறாள்: "நாளையிலிருந்து 'சார்'னு சொல்லணும், சரியா?"